ஜப்பானில் நாற்று நட்டவன்

என் தம்பி கன்னியப்பனை ஜப்பானுக்கு அனுப்பியதில் எனக்குச் சம்மதம் இல்லை. அன்றைக்கும் இல்லை, இன்றைக்கும் இல்லை. எமர்ஜென்சி முடிந்த மறு வருஷம் பிளாக் ஆபீஸ்காரர் ஒருவர் வந்து இவன் பெயரை எழுதிக்கொண்டு போனார். எஸ்.எஸ்.எல்.சி. படித்தவன், சொந்தக் கழனி இருக்கிறது, கல்யாணம் ஆகவில்லை, அதனால் இவன்தான் தோது என்றார். ஒரு வருஷம் அந்த ஊர் விவசாயி வீட்டில் தங்கி நெல் வேலை கற்றுக்கொண்டு வரவேண்டுமாம். மானாம்பதியில் பிறந்தவனுக்கு நெல் வேலை கற்றுக்கொள்ள ஏரோப்ளேன் ஏறணுமா என்று கேட்டேன். என்னை யார் மதித்தார்கள்?

எங்கள் தாய்மாமன் கிருஷ்ணசாமிக்கும் பிடிக்கவில்லை. ஆனால் அவர் கவலை வேறு. அவர் மகள் பவளம் கன்னியப்பனுக்குத்தான் என்று சின்ன வயதிலேயே பேச்சு. எங்கள் அம்மா சாகக் கிடந்தபோதுகூட அண்ணன் கையைப் பிடித்து அதைத்தான் கேட்டாள், அவரும் சத்தியம் பண்ணிக் கொடுத்தார். மாமன் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை.

"தோ பாரு எல்லம்மா, ஒந்தம்பி போவட்டும், நான் வாணாங்கல. ஆனா போனா ஒரு வருசம் முழுசா இருந்துட்டு மருவாதியா வரணும். நடுவுல அவுங்க தொரத்தி வுட்டு ஓடியாந்து நின்னான்னா, பவளத்துக்கு வேற எடம் பாத்துடுவேன்."

"யாரு மாமா தொரத்தப் போறாங்க?"

"அடுத்தவன் வூட்டு சோத்துக்குப் போய் நிக்கிறவன எவன் தொரத்த மாட்டான்? ஊர்ல தல காட்ட முடியாம பூடும். சொல்லிட்டேன்."

கன்னியப்பன் உள்ளே சட்டை மடித்துக்கொண்டிருந்தான். எல்லாம் காதில் விழுந்தது. பவளத்துக்காகவாவது ஒரு வருஷம் ஓட்டிவிடுவேன்கா என்றான். அவளை அவனுக்கு அவ்வளவு பிடிக்கும்.

இனி நான் சொல்வது அவன் வந்தபிறகு எங்கள் பம்ப்செட்டுத் தொட்டி மேல் உட்கார்ந்து என்னிடம் சொன்னது. நான் பார்த்ததில்லை. பார்க்க ஆசையும் இல்லை.

அவன் தங்கிய வீட்டில் ஸாடோ என்று ஒரு பெரியவரும் அவரைப் பெற்ற கிழவியும்தான். பிள்ளைகள் எல்லாம் பட்டணத்து மில்லுக்குப் போய்விட்டார்கள். கழனிக்கு ஆள் இல்லை, அதற்காகத்தான் இவனை வைத்துக்கொண்டார்கள். பாசம் எல்லாம் ஒன்றும் இல்லை. கிழவி இவன் சாப்பிட்டு முடித்து எழுந்தபிறகுதான் தன் தட்டை எடுத்து வைப்பாளாம். வேகாத மீன், குழம்பில்லாத சோறு. அந்தச் சோறும் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டு கிடக்கும். ரோட்டில் இவன் எதிரே வந்தால் பொம்பளைகள் பிள்ளையைக் கையைப் பிடித்து அந்தப் பக்கம் இழுத்துக்கொண்டு போவார்கள். முடி வெட்டுகிற கடையில் நாற்காலி காலியாகத்தான் இருக்கும். இவனை மட்டும் மூலையில் உட்காரவைத்து, பின்னால் வந்தவனுக்கெல்லாம் வெட்டிவிட்டு, சாயங்காலம் கடையைச் சாத்துவார்கள்.

"அப்பறம் தலைக்கு இன்னாடா பண்ண?" என்றேன்.

"கண்ணாடிய வெச்சிக்கினு நானே வெட்டிக்கினேன்கா."

வைகாசி பிறந்ததும் அங்கே நடவு. அங்கே மிஷின் நடுகிறது. பெரியவர் மிஷினைத் தள்ளிக்கொண்டு போனார். மிஷின் திரும்புகிற மூலைகள் நடாமல் வெறுமையாக நின்றுபோகும். அதைக் கையால்தான் நிரப்பவேண்டும். கிழவி சேற்றில் இறங்கி நின்று, கரையில் இருந்த இவன் பக்கம் கட்டிவைத்த ஒரு நாற்று முடியை நீட்டினாள்.

நம் ஊரில் நாற்றுப் பறிப்பதும் முடி கட்டுவதும் ஆம்பிளை வேலை. கரையில் நின்று முடியை வீசுவான், குனிந்து நடுகிற பொம்பளைக்குப் பக்கத்தில் போய் விழவேண்டும். நடுவது பொம்பளை வேலை, அதை எந்த ஆம்பிளையும் தொடமாட்டான். கன்னியப்பன் வீசுவதில் கெட்டிக்காரன். கிழவி தன்னை வீசத்தான் சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டு, முடியை வாங்கி, நான்கு அடி பின்னால் போய், அவள் காலடியிலேயே விழுகிற மாதிரி வீசினான். சரியாக விழுந்தது. சேறு எழும்பிக் கிழவி முகம், வாய், தலைத்துணி எல்லாம் அப்பியது.

பெரியவர் மிஷினை அப்படியே விட்டுவிட்டு வந்தார். வீட்டில் வைத்துச் சோறு போட்டவளின் முகத்தில் சேற்றை அடித்தவன் என்றுதானே அவருக்குத் தெரிந்திருக்கும். இவன் சிரித்துக்கொண்டு நின்றானாம், நல்ல வீச்சு என்று. சிரித்ததுதான் பெரிய தப்பாகிவிட்டது.

மறுநாள் காலையில் இவனை அந்த வீட்டில் கொண்டுவந்து விட்ட ஜப்பான் ஆபீஸ்காரன் வந்தான். கொஞ்சம் இங்கிலீஷ் பேசுவான். எங்கள் ஊரில் பொம்பளைகள்தான் நடுவார்கள் என்று இவன் விளக்கிச் சொன்னான். அவன் அதைப் பெரியவரிடம் சொன்னான். பெரியவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஏதோ சொன்னார். ஆபீஸ்காரன் சொன்னதெல்லாம் இவ்வளவுதான்: அந்தம்மாவோடு இறங்கி மூலையெல்லாம் நடு, இல்லாவிட்டால் பெட்டியைக் கட்டு, ஊருக்கு அனுப்பிவிடுகிறோம்.

"பெட்டியக் கட்டிட்டு வந்திருக்கணும்டா நீ," என்றேன்.

"பவளத்த எவங்கா குடுப்பான் அப்பறம்?"

இறங்கினான். எங்கள் வம்சத்தில் ஒரு ஆம்பிளையும் செய்யாததைச் செய்தான். இவன் நட்டதைக் கிழவி பின்னாலேயே வந்து பிடுங்கிப்போடுவாளாம், ஆழம் சரியில்லை என்று. மறுபடி நடுவான். மறுபடி பிடுங்குவாள். அந்த வருஷம் முழுக்க அந்த வீட்டில் இவனிடம் வேலையைத் தவிர வேறு ஒரு வார்த்தை கிடையாது. கிளம்பும்போது பெரியவர் வாசல்வரை வந்து நின்றார். கிழவி வரவில்லை. அந்த ஊரில் நல்லவர்களும் இருப்பார்கள் என்று கன்னியப்பன் சொல்லுவான். இருக்கட்டும். என் தம்பி கண்ணில் ஒருத்தரும் படவில்லையே.

வருஷத்தை முடித்துக்கொண்டு பங்குனியில் வந்து சேர்ந்தான். மாமன் இந்தத் தடவை வீட்டுக்குள்ளேயே வந்து உட்கார்ந்து, இலை போட்டுச் சாப்பிட்டார். ஆவணியில் கல்யாணம் என்று தன் வாயாலேயே சொன்னார்.

சித்திரையில் சொர்ணவாரிப் பட்டத்து நடவு வந்தது. மாமன் கழனியில் கூலிக்கு நடுகிற சொக்கம்மாளும் அவள் கூட்டத்துப் பொம்பளைகளும் நட்டுக்கொண்டிருந்தார்கள். கன்னியப்பன் வரப்பில் நின்று பார்த்தான். மூலையில் இடம் விட்டுப்போயிருந்தது. அவனுக்கு அது பொறுக்கவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, இறங்கி, குனிந்து நட ஆரம்பித்துவிட்டான்.

பொம்பளைகள் எல்லோரும் நிமிர்ந்தார்கள்.

"இன்னா நைனா, பொடவ ஒண்ணு எடுத்தாந்து தரட்டா?" என்றாள் சொக்கம்மாள்.

"அங்கல்லாம் ஆம்பளையும்தான் நடுவான்."

"நடுவான். அப்பறம் எங்க வூட்டு ஒலைக்கி எவன் அரிசி போடுவான், ஜப்பான்காரனா?"

சிரிப்புச் சத்தம் கேட்டு மாமன் வந்துவிட்டார்.

"ஏர்றா மேல."

"வரிசை முடியட்டும் மாமா."

"எங்கடா கத்துக்கின இத? அங்க இதுதான் பண்ணிக்கினு இருந்தியா?"

பொய் சொல்லியிருக்கலாம். அவனுக்கு வராது. நிமிர்ந்து நின்று, அத்தனை பேர் எதிரிலும், "ஆமா மாமா. இல்லன்னா அனுப்பியிருப்பாங்க. பவளத்துக்காகத்தான் குனிஞ்சேன்," என்றான்.

மாமன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். சாயங்காலம் சேதி மட்டும் வந்தது, பொண்ணு கிடையாது என்று.

நான் விடுவேனா? நேராக மாமன் வீட்டுக்குப் போனேன்.

"நீ சொன்ன மாரியே ஒரு வருசம் இருந்துட்டுதான மாமா வந்தான்?"

"மருவாதியா வரச் சொன்னேன். ஊரான் வூட்டுக் கெழவிக்கு நாத்து நட்டுட்டு வந்து கீறான்."

"எங்கம்மா கையப் புடிச்சி சத்தியம் பண்ணது?"

"ஒங்கம்மா ஆம்பளப் புள்ளைக்குதான் கேட்டா."

அந்த வார்த்தைக்கு அவர் வீட்டுக் குடத்தைத் தூக்கி முற்றத்தில் போட்டேன். இப்போது கேட்டாலும் போடுவேன். பவளம் கதவண்டை நின்றிருந்தாள். அவளாவது பேசுவாள் என்று பார்த்தேன்.

"அங்க நட்டது யாருக்குத் தெரியும்கா?" என்றாள். "இங்க வந்து ஏன் எறங்குனாரு? எல்லாரும் என்னப் பாத்து சிரிச்சிக்கினு கீறாங்க."

திரும்பி வந்துவிட்டேன்.

ஆவணியில் பவளத்துக்குக் கல்யாணம் நடக்கத்தான் நடந்தது, மாகறல் மாப்பிள்ளையோடு. கன்னியப்பன் கழனிக்குச் சம்பா நடவுக்கு ஒருத்தியும் வரவில்லை. அவன் கழனியில் கால் வைத்தவள் என் கழனிக்கு வரக்கூடாது என்று மாமன் சொல்லிவிட்டார். சொக்கம்மாளும் என்ன செய்வாள், மாமனிடம்தான் வருஷம் முழுக்க வேலை. நாற்று முற்றிக்கொண்டே போனது. என் வீட்டுக்காரர், தலையிடாதே, ஊரைப் பகைக்காதே என்றார். இத்தனை நாள் பகைத்ததோடு இது ஒன்று கூடினால் என்ன என்று புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு போனேன்.

அவன் ஒரு மூலையில், நான் ஒரு மூலையில். அவன் நட்ட வரிசை என்னுடையதைவிட நேராக இருந்தது. எனக்கு அதுவும் எரிச்சல்தான்.

பொழுது சாய்கிற நேரத்தில் ரோட்டில் மாட்டு வண்டிகள் வந்தன. பீரோ, கட்டில், குத்துவிளக்கு எல்லாம் தெரிந்தது. முன் வண்டியில் தலைப்பாகையோடு மாமன்.

"சீர் வண்டிடா. மாகறலுக்குப் போவுது," என்றேன்.

அவன் நிமிரவில்லை.

"தெரியும்கா. அந்த முடிய இப்படிப் போடு."

வீசினேன். அவன் காலடியில் போய் விழுந்தது.