மூதூர் லாஞ்சில் ஏறிய சனிக்கிழமை

அன்பான சபையாரே,

திருகோணமலையில் பிறந்து, கப்பல் ஊதுகிற சத்தம் கேட்டு நித்திரையால் எழும்பி வளர்ந்தவள் நான். அப்படிப்பட்ட எனக்கு ஒரு காலத்தில் தோணியைக் கண்டாலே கால் நடுங்கும். சிரிக்கிறவர்கள் சிரிக்கலாம். அந்த நாட்களில் நான் அழுதேன். அந்த நடுக்கத்தால் எங்கள் குடும்பத்தின் பிழைப்பே நின்றுபோகும் நிலை வந்தது. ஆண்டவர் என் ஜெபத்துக்கு எப்படிப் பதில் தந்தார் என்று சொல்ல இத்தனை வருடம் கழித்துத்தான் எனக்கு வாய் வந்திருக்கிறது.

பயம் வந்த கதையை முதலில் சொல்கிறேன். மகள் ரூபி என் வயிற்றில் இருந்த காலம். மூதூரில் இருக்கிற என் சித்தியைப் பார்த்துவிட்டு மோட்டார் லாஞ்சில் திரும்பி வந்துகொண்டிருந்தேன். மாரிகாலம். கொட்டியாரக் குடாவின் நடுவில் என்ஜின் நின்றுவிட்டது. மழை, காற்று. லாஞ்சு சரியச் சரியத் தண்ணீர் உள்ளே வந்தது. ஆண்கள் தகரப் பேணிகளால் அள்ளி வெளியே ஊற்றினார்கள். நான் இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "பிள்ளையை மட்டும் காப்பாற்றும் ஆண்டவரே" என்று கத்தினேன். பொழுதுபடுகிற நேரம் மீன்பிடி வள்ளம் ஒன்று வந்து எங்களைக் கட்டி இழுத்துக் கரை சேர்த்தது.

ரூபி சுகமாகப் பிறந்தாள். அதற்கு முதல் ஸ்தோத்திரம். ஆனால் அதன்பிறகு நான் லாஞ்சு ஏறவில்லை. சித்திதான் பிள்ளையைப் பார்க்க வந்து போனார். அவர் வீட்டு வாசலை நான் மிதிக்கவில்லை.

என் கணவர் ஞானராசா கப்பல் திருத்துகிற டொக்யார்ட்டில் என்ஜின் பிற்றராக இருந்தவர். வெள்ளைக்காரர் துறைமுகத்தை விட்டுப் போனபோது அவருடைய வேலையும் போயிற்று. பாலையூற்றில் எங்கள் வீட்டு முற்றத்தில் சைக்கிளும் தையல் மெஷினும் திருத்தத் தொடங்கினார். கப்பல் என்ஜினைப் பிரித்துப் பூட்டின கை சைக்கிள் செயினுக்கு எண்ணெய் போட்டது. மனுசன் ஒருநாளும் முறைப்பட்டதில்லை. ஆனால் சோற்றுக் கோப்பைக்கு முன்னால் சாப்பிடாமல் சும்மா இருப்பார். 

அப்போதுதான் அவருடைய பழைய மேலாளரிடமிருந்து அழைப்பு வந்தது. இங்கிலாந்தில் ஒரு துறைமுகப் பட்டினத்தில் வேலைத்தலம் ஒன்றை அவர் பொறுப்பெடுத்திருந்தாராம். குடும்பத்தோடு வந்தால் வேலையும் தருவாராம், இருக்க இடமும் பார்த்துத் தருவாராம். கொழும்பிலிருந்து கப்பல். மூன்று கிழமை, இருபத்தொரு நாள், கடல். விமானம் எங்களைப் போன்றவர்களுக்கு எட்டாத காலம் அது.

நான் அவரிடம் சொன்னேன்: "நீங்கள் போங்கோ. நானும் பிள்ளையும் இஞ்சை இருக்கிறம். என்னால ஏலாது."

"நீர் வராத ஊரில எனக்கென்ன வேலை?" என்று கேட்டுவிட்டு அவர் சைக்கிளுக்குக் காற்றடிக்கப் போனார். அவ்வளவுதான் பேச்சு. நான் ஏறினால் மூன்று பேரும் போவோம். நான் ஏறாவிட்டால் ஒருவரும் போவதில்லை.

நம்முடைய பெண்கள் ஜெபக் கூட்டத்தை அப்போது பரிமளம் அக்கா நடத்தினார். அவர் காதில் ஒரு விஷயம் விழுந்தால் அது பரலோகத்துக்கும் போகும், சந்தைக்கும் போகும். என் பயம் இரண்டு இடத்துக்கும் போயிற்று. ஞாயிற்றுக்கிழமை போதகர் ஐயா பீடத்திலிருந்தே என் பெயரைச் சொல்லி ஜெபித்தார். மீன்காரர்கூட "என்ன பிள்ளை, இன்னும் பயமோ?" என்று கேட்டுக்கொண்டு சூடை மீன் நிறுத்துத் தந்தார். எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் நீங்கள் எல்லாரும் என்னை உங்கள் வீட்டுப் பிள்ளையாகத் தாங்கினீர்கள். அதை நான் மறக்கவில்லை.

நானும் ஜெபித்தேன். குசினியில் அடுப்புக்கு முன்னால் குந்தியிருந்து, கொஞ்சம் கோபமாகவே ஜெபித்தேன். தண்ணீரின்மேல் நடந்தவருக்கு என் காலை ஒரு பலகையில் ஏற்றிவிடுவது பெரிய வேலையா என்று கேட்டேன். பயத்தை எடுத்துவிடும், வேறொன்றும் வேண்டாம் என்று கேட்டேன். பயம் போகவில்லை.

என் கணவர் ஒரு யோசனை சொன்னார். சனிக்கிழமைகளில் மூதூர் லாஞ்சு கட்டுகிற இறங்குதுறை ஜெட்டிக்குப் போய்ப் பழகுவோம், ஏற வேண்டாம், சும்மா இருப்போம் என்றார். போனோம். வறுத்த கச்சான் கடலைச் சுருள் வாங்கித் தந்தார். மூன்று பேரும் கால்களைத் தொங்கப் போட்டுக்கொண்டு இருந்து கச்சான் தின்றோம். ரூபி போகிற லாஞ்சுக்கெல்லாம் கை காட்டினாள். சில சனிக்கிழமை கழித்து, கட்டியிருந்த லாஞ்சில் ஒரு காலை வைத்தேன். அது அசைந்ததும் ஓடி வந்துவிட்டேன். லாஞ்சு ஓட்டுகிற காசிம் நானா சிரிப்பை அடக்கிக்கொண்டு மறுபக்கம் திரும்பினார்.

"அவசரமில்லை ராணி. இன்னுமொரு கிழமை பாப்பம்," என்றார் என் கணவர்.

அடுத்த கிழமையும் அதையே சொன்னார். அதற்கடுத்த கிழமையும் அதேதான். ஊரில் மற்றப் புருசன்மார் என்றால் பேசிக் கொன்றிருப்பார்கள். இப்படிப்பட்ட பொறுமைசாலியை எனக்குத் தந்தாரே என்று ஆண்டவருக்கு நன்றி சொன்னேன். அந்தப் பொறுமையின் உள்விஷயம் எனக்கு அப்போது தெரியாது.

கடைசியில் இங்கிலாந்திலிருந்து தந்தி வந்தது. வருகிறீர்களா இல்லையா, உடனே பதில் வேண்டும், வேலைக்கு வேறு ஆள் கேட்கிறார்கள் என்று. திங்கட்கிழமை பதில் அனுப்பியாக வேண்டும். ஆகவே சனிக்கிழமை மூதூருக்குப் போய் வர முடிந்தால் "வருகிறோம்", முடியாவிட்டால் "இல்லை" என்று முடிவு செய்தோம்.

அன்று பரிமளம் அக்கா ஜெபக் கூட்டத்தையே ஜெட்டிக்குக் கூட்டிவந்துவிட்டார். எல்லாரும் சுற்றி நின்று என் தலையில் கை வைத்து ஜெபித்தார்கள். நான் கண்ணை இறுக்கி மூடினேன். இரண்டு பேர் என் கையைப் பிடித்து லாஞ்சில் ஏற்றி, பலகையில் இருத்தினார்கள்.  கண்ணைச் சற்றுத் திறந்து பக்கத்தில் கணவரைத் தேடினேன். அவர் இன்னும் ஜெட்டியில் நின்றார்.

"நான் ரூபியோட இஞ்சை நிக்கிறன். நீர் போட்டு வாரும்," என்றார்.

"நல்ல கதைதான்!" என்றார் பரிமளம் அக்கா. "புருசன் பக்கத்தில இல்லாமல் அவள் எப்பிடிப் போறது? பிள்ளையை நான் பாக்கிறன். ஏறுங்கோ தம்பி!" என்று முதுகில் கை வைத்துத் தள்ளிவிட்டார்.

லாஞ்சு புறப்பட்டது. துறைமுகத்துக்குள் இருக்கும்வரை தண்ணீர் குளம்போலக் கிடந்தது. துறைமுக வாயைத் தாண்டினதும் அலை தூக்கிப் போடத் தொடங்கியது. மறுபடி மூடிய கண்ணை நான் திறக்கவில்லை. பலகையின் விளிம்பைப் பிடித்த விரல்கள் விறைத்துவிட்டன. "ஆண்டவரே, ஆண்டவரே" என்பதைத் தவிர வேறு ஜெபம் வரவில்லை.

அப்போது ஒரு குளிர்ந்த கை என் கணுக்காலைப் பிடித்தது. யாரோ முனகுகிற சத்தம் கேட்டது. கண்ணைத் திறந்தேன்.

என் கணவர் பலகையில் இல்லை. கீழே, மீன் கூடைகளுக்கு நடுவில், முழங்காலை மடித்துக்கொண்டு கிடந்தார். முகம் சாம்பலாக வெளுத்திருந்தது. "ராணி... என்னைப் பிடியும்... விட்டிடாதையும்," என்றார். அடுத்த நிமிடம் என் புதுச் சேலையில் வாந்தி எடுத்தார்.

நான் எழும்பினேன். சேலைத் தலைப்பால் அவர் வாயைத் துடைத்தேன். முன்பலகையில் இருந்த கிண்ணியாப் பக்கத்து முஸ்லிம் பெண் ஒருவர் தன் பனையோலை உமலுக்குள் கைவிட்டு எலுமிச்சை ஒன்றை எடுத்து, "இந்தாங்க, தேசிக்காய். கீறி மணக்கக் குடுங்க," என்று நீட்டினார். வாங்கினேன். தண்ணீர் வேண்டும் என்று லாஞ்சின் பின்பக்கத்துக்கு நடந்து போனேன். அங்கே சுக்கானைப் பிடித்திருந்த காசிம் நானா என்னைப் பார்த்ததும் அலறிவிட்டார்.

"தங்கச்சி, இருங்க, இருங்க! ரெண்டு கையையும் விட்டுட்டு நடக்கிறீங்களே!"

அப்போதுதான் குனிந்து என் கால்களைப் பார்த்தேன். ஆடுகிற லாஞ்சின் நடுவில், ஒன்றையும் பிடிக்காமல் நின்றுகொண்டிருந்தேன். சுற்றிவரக் கடல். பயம் இருந்தது, இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் அதைக் கவனிக்க எனக்கு நேரமில்லை. என் மனுசன் அங்கே கிடக்கிறார், அவருக்குத் தண்ணீர் கொண்டுபோக வேண்டும்.

தண்ணீரோடு திரும்பி வந்து, அவர் தலையை என் மடியில் வைத்துத் தேசிக்காயை மூக்கில் பிடித்தேன்.

"உங்களுக்கும் பயமோ?"

"ஓம்."

"எப்ப தொட்டு?"

"சின்னனில இருந்து. டொக்யார்ட்டிலயும் என்ஜினைக் கழட்டிக் கரைக்குக் கொண்டுவந்தால்தான் கை வைப்பன்."

பயம் வருவதற்கு முன் நான் மூதூருக்குப் போகும்போதெல்லாம் ஜெட்டியில் நின்று கை காட்டி வழியனுப்பினவர் ஒருநாளும் கூட வராததன் காரணம் அப்போதுதான் விளங்கியது. "இன்னுமொரு கிழமை பாப்பம்" என்ற பொறுமையும் விளங்கியது. எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

"அப்ப ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"ஊரே உமக்காக ஜெபம் பண்ணினது. நானும் எனக்கெண்டு கேக்க வெக்கமாய்க் கிடந்தது. உம்மட பேரைச் சொல்லேக்குள்ள, என்ர பேரையும் மனசுக்குள்ள சேத்துச் சேத்துக் கும்பிட்டனான்."

சபையாரே, நான் கல்யாணம் முடித்த மனுசனை அந்த லாஞ்சில்தான் முழுதாகக் கண்டேன். அவர்மேல் அவ்வளவு அன்பு அதற்கு முன் எனக்கு வந்ததில்லை. பயத்தை எடுத்துவிடும் என்று நான் கேட்டேன். ஆண்டவர் என்னைவிடப் பயந்த ஒருவரை என் மடியில் கொண்டுவந்து போட்டார். அதுதான் எனக்கு வந்த பதில்.

மூதூரில் சித்தி வாசலில் நின்று இரண்டு பேரையும் கட்டிப் பிடித்து அழுதார். திரும்பி வரும்போது என் கணவர் என் கையை விடவேயில்லை. நானும் கண்ணை மூடவில்லை. திங்கட்கிழமை "வருகிறோம்" என்று தந்தி கொடுத்தோம். கொழும்பில் கப்பல் ஏணியடியில் அவர் சிலையாக நின்றபோது, இடுப்பில் ரூபியோடு நான் முன்னால் ஏறி, "வாங்கோ, நான் பிடிச்சிருக்கிறன்," என்றேன். மூன்று கிழமையும் அவர் படுத்தே வந்தார். நான் மேல்தளத்தில் பிள்ளைக்குக் கடல் காட்டிக்கொண்டு வந்தேன்.

அந்த நாட்டில் ஆண்டவர் எங்களைக் கைவிடவில்லை. வேலை நிலைத்தது. ரூபி தாதியாகிவிட்டாள். குளிரிலும் தனிமையிலும் எத்தனையோ பயம் வந்தது. இப்போதெல்லாம் பயம் வந்தால், பக்கத்தில் என்னைவிடப் பயந்துபோய் யார் இருக்கிறார்கள் என்று முதலில் பார்க்கிறேன். வீட்டில் ஜெபிக்கும்போது இரண்டு பேர் பெயரையும் சத்தமாகச் சொல்கிறோம், ஒன்றையும் மனதுக்குள் ஒளிப்பதில்லை.

இந்தச் சபையிலும் பயணத்துக்கு ஆயத்தப்படுகிற இளம் குடும்பங்கள் இருக்கிறீர்கள். உங்கள் பயத்தை ஆண்டவரிடம் உள்ளபடி சொல்லுங்கள். வெட்கப்படாமல் ஒருவருக்கொருவரும் சொல்லுங்கள். எங்களுக்குக் கை கொடுத்தவர் உங்களையும் கைவிடமாட்டார்.

நான் எழுதினதை என் கணவர் வாசித்துவிட்டு, வாந்தி எடுத்த வரியை மட்டும் வெட்டச் சொன்னார். நான் வெட்டவில்லை. ஊருக்கு விடுமுறையில் வந்திருக்கிற நாங்கள் வருகிற சனிக்கிழமை லாஞ்சில் மூதூருக்குப் போகிறோம். சித்தி எங்கள் வழி பார்த்துக்கொண்டிருக்கிறார். இவர் இன்று காலையே சந்தைக்குப் போய் ஒரு பை தேசிக்காய் வாங்கி வந்துவிட்டார். இரண்டு பேருக்கு எதற்கு இவ்வளவு என்று கேட்டேன். "பயமுள்ள ஆரும் வந்தாலும் குடுக்கலாம்," என்றார். நீங்களும் எங்களோடு லாஞ்சு ஏற வாருங்கள்.