ஐந்தாம் மாவுக்கட்டில் ஊதா எழுத்து

என் மூத்த மகள் இடது பாதம் உள்பக்கம் மடங்கிப் பிறந்தாள். மலாயா அவசரகாலத்தின் நடுவே, ரெம்பியா பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் நான் கணக்கெழுதும் கிராணி. மலாக்கா ஆஸ்பத்திரி டாக்டர் கத்தி வேண்டாம் என்றார். வாரம் ஒருமுறை பாதத்தைக் கையாலேயே கொஞ்சம் நிமிர்த்தி, அது அப்படியே நிற்கும்படி மாவுக்கட்டுப் போடுவார். இடையில் ஒரு கட்டு உடைந்தாலும் கால் பழையபடி திரும்பிக்கொள்ளும், மறுபடி முதலிலிருந்துதான் என்று எச்சரித்திருந்தார்.

இந்த வைத்தியத்தில் என் உதவியை யாரும் கேட்கவில்லை. பதிவாளர் பொறுப்பை நானாகவே எடுத்துக்கொண்டேன். ஒவ்வொரு முறையும் பள்ளிக்கூடக் கோணமானியை வைத்துப் பாதத்தின் சாய்வை அளந்து ஒரு நோட்டுப் புத்தகத்தில் குறிப்பேன். டாக்டர் பார்த்தும் ஒன்றும் சொல்லமாட்டார். பெரிய மனிதர்.

ஐந்தாவது செவ்வாய்க்கிழமை நோட்டுப் புத்தகத்தை வீட்டிலேயே மறந்துவிட்டேன். பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது, சட்டைப்பையில் இருந்த ஆபீஸ் பென்சிலால், ஈரம் காயாத கட்டின் மேலேயே குறித்தேன்: '5 இ 20 செ'. ஈரம் பட்டால் ஊதாவாகும் பென்சில் அது. எழுத்து பளிச்சென்று பூத்தது. பெருமையாகக்கூட இருந்தது.

ரெம்பியாவுக்கு முன்னால் சாலைத் தடுப்பு. காட்டில் பதுங்கியிருக்கும் கம்யூனிஸ்டுகளுக்கு அரிசி போகிறதா, ரகசியச் சீட்டுப் போகிறதா என்று எல்லாரையும் இறக்கிச் சோதித்தார்கள். தமிழ்க் காவலர் ஒருவர் கட்டைத் தட்டிப் பார்த்தார். பிறகு வாசித்தார்.

"அஞ்சு பேரு, இருபது துப்பாக்கி, செவ்வாக்கெழமை. சரியா கிராணியாரே? நடுவுல 'இ' யாரு, தலைவனா?"

கட்டு எண், இடது கால், இருபது பாகை, செவ்வாய் என்று விளக்கினேன். அரைகுறையாக விளக்குவது எனக்குப் பிடிக்காது. கோணமானியைப் பிடிக்கும் முறையையும் சேர்த்துச் சொன்னேன். அவர் இடுப்புக் கத்தியை உருவினார்.

"ஒடைச்சுப் பாத்தா தெரிஞ்சிடும்லா."

என் மனைவி பிள்ளையை இறுக்கிக்கொண்டு, மறு கையால் பையைத் தரையில் கவிழ்த்தாள்.

"தம்பி, ஒவ்வொண்ணா பாருங்க."

குடைப்பிடியில் வாங்கிய தேதி. பவுடர் டப்பாவில் திறந்த தேதி. பால் புட்டியில் ரப்பர் மாற்றிய தேதி.

"அவரு செருப்பையும் கழட்டச் சொல்லுங்க."

கழற்றினேன். இரண்டிலும் இருந்தது.

"இவருகிட்ட ரகசியம் தங்குமா தம்பி? காட்டுல உள்ளவங்க இவரைச் சேத்துக்கிட்டா, சேந்த தேதியைத் துப்பாக்கியிலயே எழுதி எல்லாரையும் மாட்டிவிட்ருவாரு."

இறங்கி நின்ற அத்தனை பேரும் சிரித்தார்கள். காவலரும் சிரித்துவிட்டுக் கத்தியை உறையில் போட்டார். கட்டு தப்பியது.

பஸ்ஸில் ஏறியதும் மனைவி கையை நீட்டினாள். பென்சிலைக் கொடுத்தேன்.

"பிள்ளை நடக்கட்டும், அப்புறம் தர்றேன்."

வேறு பென்சில் எடுத்திருக்கலாம்தான். தைரியம் வரவில்லை. பல மாதங்கள் கழித்து, கட்டெல்லாம் முடிந்த பிறகு, மகள் அடுப்படிக் கதவைப் பிடித்துக்கொண்டு முதன்முதலாக நின்றாள். இடது உள்ளங்கால் முழுதும் தரையில் பதிந்திருந்தது.

அந்தக் குடை வாங்கிய தேதி இன்றும் என்னிடம் இருக்கிறது. அவள் நின்ற தேதி இல்லை. மனைவியைக் கேட்டால், "நல்லா வெயில் அடிச்ச நாள்" என்கிறாள். எந்த மாதம் என்றால் சிரிக்கிறாள்.