நிம்மதியாக ஒரு ஸஜ்தா

எட்டு மாதம் நான் ஒழுங்காகத் தொழவில்லை, சகோதரிகளே. சோம்பலால் இல்லை, தப்பாகப் புரிந்துகொண்டதால். இதை எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தக் கூச்சம்தான் என்னைக் கபர்க்குழி வரைக்கும் கொண்டுபோகப் பார்த்தது. அதனால் உங்களுக்கெல்லாம் ஸலாம் சொல்லிவிட்டு உள்ளதை உள்ளபடி எழுதுகிறேன்.

எனக்கு வயது நாற்பத்தொன்பது. வீடு பாலக்கரையில். கணவர் மலைக்கோட்டைக்குக் கீழே ஒரு சந்தில் ஸ்கூல் பை, டிராவல் பை விற்கிறார். ஒரே மகள் ரிஸ்வானா, கல்லூரியில் படிக்கிறாள். எனக்கு மாதவிடாய் நின்று ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. இனி ஐந்து வேளையில் ஒரு வக்துகூட விடாமல் தொழலாம், முப்பது நோன்பையும் முழுசாகப் பிடிக்கலாம் என்று சந்தோஷத்தில் இருந்தேன். அப்போதுதான் மறுபடியும் ரத்தம் பட ஆரம்பித்தது. திரும்பி வந்துவிட்டது போலிருக்கிறது என்று நினைத்தேன். அந்த நாட்களில் தொழக் கூடாதே, தொழுகை விரிப்பான முஸல்லாவை மடித்து அலமாரியில் வைத்துவிட்டேன். ஒரு மாதம் பன்னிரண்டு நாள், ஒரு மாதம் இருபது நாள். யாரிடமும் வாய் திறக்கவில்லை. "அம்மா, நீங்க தொழலையா?" என்று மகள் கேட்டால் சமையலறைக்குள் போய் ஏதாவது பாத்திரத்தை உருட்டுவேன்.

பள்ளிவாசலில் பாங்கு கேட்டதும் கால் தானாகக் குழாயடிக்குப் போகும். முகம், கை, கால் கழுவி ஒளு செய்யக் கையை நீட்டிய பிறகுதான் நினைவு வரும். கையை மட்டும் நனைத்துக்கொண்டு திரும்புவேன்.

ரமலானுக்கு மூன்று மாதம் இருந்தது. எங்கள் தெருவில் பெண்களுக்கு வாரம் ஒரு நாள் மார்க்க வகுப்பு எடுக்கும் ஆலிமா என் மகளைவிட நாலைந்து வயதுதான் மூத்தவர். வகுப்பு முடிந்து எல்லோரும் போன பிறகு அவரிடம் மெல்லக் கேட்டேன். "எனக்கு இப்படி இருக்கு, இந்த வருஷ நோன்பு சேருமாங்க?"

"எத்தனை நாளும்மா படுது?"

சொன்னேன். அவர் என் முகத்தையே பார்த்தார்.

"பத்து நாளைத் தாண்டிட்டா அது மாதவிடாய்க் கணக்குல வராதுங்கம்மா. அது நோய் ரத்தம். அதுக்காகத் தொழுகைய விடக் கூடாது. வக்துக்கு வக்து ஒளு செஞ்சுட்டுத் தொழணும்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. விட்ட தொழுகைகளை எண்ண ஆரம்பித்தேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அதை அப்புறம் எண்ணலாம். நோய்னு நான் சும்மா சொல்லலம்மா. நாளைக்கே டாக்டர்கிட்ட போங்க. நானும் கூட வரேன்," என்றார். வந்தார்.

கர்ப்பப்பை வாயில் புற்றுநோய். ஆரம்ப நிலைதான், சின்னக் கட்டி, வயிற்றைத் திறக்காமல் துளை போட்டுக் கேமரா மூலமாகவே கர்ப்பப்பையோடு எடுத்துவிடலாம் என்றார் டாக்டரம்மா. ஆபரேஷனுக்கு முன்னால் கிடைத்த நாளெல்லாம் தொழுதேன். ஆனால் அது பயத்தில் தொழுத தொழுகை. நெற்றி தரையில், மனசு ஸ்கேன் ரிப்போர்ட்டில்.

ரமலானுக்கு ஒரு மாதம் முன்னால், ரஜப் மாதக் கடைசியில் ஆபரேஷன் நடந்தது. பார்க்க வந்தவர்கள் என் வயிற்றில் ஒட்டியிருந்த நாலு சின்னப் பிளாஸ்திரிகளைப் பார்த்துவிட்டு, "இவ்வளவுதானா?" என்றார்கள். என் நாத்தனாருக்கு ஏமாற்றமே ஆகிவிட்டது. அவர் எனக்காகக் கொண்டுவந்த சூப்பை அவரே குடித்துவிட்டுப் போனார்.

ஐந்தாம் நாள் காய்ச்சல் அடித்தது. அடிவயிறு கல்லாகக் கனத்தது. ரத்தப் பரிசோதனையில் இறங்க வேண்டிய அழற்சி எண் ஏறிக்கொண்டே போனது. டாக்டரம்மா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து சொன்னார். "கீறல்தாம்மா சின்னது, உள்ள எடுத்தது சின்னதில்ல. அந்த இடத்துல கொஞ்சம் நீர் சேர்ந்து அழற்சி ஆயிருக்கு. மருந்து மாத்தியிருக்கேன். எண் இறங்குதான்னு தினமும் பாப்போம். இறங்கலைன்னா குழாய் வச்சு நீரை எடுக்கணும்."

நான் கேட்டது வேறு. "குனிஞ்சு தொழலாமா டாக்டர்?"

"ஆறு வாரம் மூச்சு விடக் கூடாது அதைப் பத்தி."

படுத்துக்கொண்டு சைகையால் தொழலாம் என்று மார்க்கத்தில் சலுகை இருக்கிறது. அப்படித்தான் தொழுதேன். அல்லாஹ் ஏற்றுக்கொள்வான் என்று அறிவுக்குத் தெரியும். நெற்றிக்குத் தெரியவில்லை. அது தரையைக் கேட்டது. யா அல்லாஹ், எட்டு மாதம் உன் வாசலுக்கு வராமல் இருந்தேன், வந்தபோதும் பயந்துகொண்டே வந்தேன். என்னை எடுத்துக்கொள்வதானால் எடுத்துக்கொள். அதற்கு முன்னால் நெற்றி தரையில் பட நிம்மதியாக ஒரே ஒரு ஸஜ்தா கொடு. இதையே திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டு கிடந்தேன்.

பக்கத்துக் கட்டிலில் ஸ்ரீரங்கத்து அம்மா ஒருவர், கோமளா என்று பெயர். அவருக்கும் கர்ப்பப்பை எடுத்திருந்தார்கள். நான் அழுவதைப் பார்த்து, "வலிக்கறதா? நர்ஸைக் கூப்பிடட்டுமா?" என்றார். காரணத்தைச் சொன்னேன்.

"எனக்கும் அதே கதைதான் போங்கோ. பெருமாள் சன்னதியில விழுந்து சேவிக்கப்படாதுன்னுட்டா. நின்னுண்டே கையைக் கூப்பிண்டு வரணும்னா மனசு ஆறலை. உங்களுக்கும் சேர்த்து வேண்டிக்கறேன்."

நான் அவருக்காக அல்லாஹ்விடம் துஆ கேட்டேன். வலிக்கிற நேரம் போக இருவரும் ஒருவருக்கொருவர் இதைத்தான் விசாரித்துக்கொண்டிருந்தோம்.

மருந்து மாற்றிய மூன்றாம் நாள் காலையில் எண் இறங்கியது. மறுநாள் இன்னும் இறங்கியது. குழாய் வைக்காமலே நீர் வற்றியது. வீட்டுக்கு வந்த பிறகு எடுத்த கட்டியின் ரிப்போர்ட் வந்தது. ஓரங்களில் நோய் இல்லை, நெறிக்கட்டிகளுக்கும் பரவவில்லை, கரண்ட் என்கிற கதிர் சிகிச்சையும் தேவையில்லை. என் கணவர் அதைக் கையில் வைத்துக்கொண்டு கடையைத் திறக்கவும் மறந்து உட்கார்ந்திருந்தார்.

ரமலான் பிறந்தது. வீட்டில் எல்லோரும் நோன்பு, நான் மட்டும் மாத்திரை. நாற்காலியில் உட்கார்ந்து தொழுதுகொண்டு, தரையில் விரித்திருந்த மகளின் முஸல்லாவைப் பார்ப்பேன். இரண்டு அடிதான் தூரம். ஆறு வாரம் முடிந்து டாக்டரம்மா பரிசோதித்துவிட்டு, "இனி மெதுவாக் குனிங்க. வலிச்சா விட்டுடுங்க," என்றார்.

வீட்டுக்கு வந்து மதியம் லுஹர் தொழுகைக்கு நின்றேன். முழங்கால் மடிந்தது. கை ஊன்றினேன். நெற்றி தரையைத் தொட்டது. வலிக்கவில்லை. சொல்ல வேண்டியதைச் சொன்ன பிறகும் எழ மனசு வரவில்லை, அப்படியே கிடந்தேன். பின்னால் ரிஸ்வானாவின் குரல் கேட்டது. "அம்மா... அம்மா, என்ன ஆச்சு? அத்தா, இங்க வாங்க, அம்மா எந்திரிக்கல." அப்பாவைக் கூப்பிட்டுக்கொண்டே என் முதுகைத் தொட்டாள். தொழுகையில் பதில் சொல்ல முடியாதே. என் முதுகு மூச்சில் ஏறி இறங்குவது அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். கையை எடுக்காமல் என் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள்.

அன்று சாயங்காலம் கோமளா அம்மாவுக்குப் போன் செய்தேன். எடுத்ததும், "ஆச்சா?" என்றார். "ஆச்சுங்கம்மா." அவர் விழுந்து சேவிக்க இன்னும் இரண்டு வாரம் இருந்தது.

இப்போது வார வகுப்பில் நான் கடைசியாகத்தான் எழுகிறேன். தயங்கி நிற்கும் பெண்ணைப் பார்த்தால், எத்தனை நாளாம்மா படுது என்று நானே கேட்டுவிடுகிறேன். சகோதரிகளே, மறைக்காதீர்கள். அவனிடம் கேளுங்கள், அவன் யார் வாய் வழியாகப் பதில் சொல்கிறானோ அவர்களிடமும் கேளுங்கள். நான் நோன்பு சேருமா என்று மட்டும்தான் கேட்கப் போனேன். அல்ஹம்துலில்லாஹ், அவன் என் உயிரையும் சேர்த்துத் தந்தான்.