கடல் தாண்டித் திரும்பிய பிரபு

பெரகலச் சந்தியில் அடைமழையில் தேயிலை லொறி பள்ளத்தில் உருண்டு, ஒரு வாரம் ரோடெல்லாம் தூள் மணந்ததே, அந்த மழைக்கு அடுத்த வருஷம் என்று நினைக்கிறேன். லொறி ஓட்டியவருக்கு ஒரு கீறல்கூட இல்லை. அது வேறு கதை.

அந்த வருஷம்தான் மாமா வீட்டுக்கு, குடும்பத்தோடு இந்தியாவுக்கே போய்விடச் சொல்லி சர்க்கார் கடுதாசி வந்தது. எங்களுக்கு வரவில்லை. மாமா அம்மாவின் கூடப்பிறந்த அண்ணன். தோட்டத்து வெள்ளைக்காரத் துரை பங்களாவில் சமையலும் பரிமாறலும் அவர்தான். அண்ணனை இனிப் பார்க்கவே முடியாதென்று அம்மா சோற்றைத் தொடவில்லை.

பங்களாச் சாப்பாட்டறையில் கண்ணாடி போட்ட ஆளுயரப் படம் ஒன்று தொங்கியது. துரையின் பாட்டன் முப்பாட்டன் வரிசையில் ஒருவராம், சீமையில் ராஜாவுக்கு மந்திரியாக இருந்த பிரபு. கறுப்பு அங்கி, தோளில் சுருண்டு விழும் முடி. விருந்தாளி வரும்போதெல்லாம் துரை அவர் கதையைக் கடைசிவரை சொல்வார். பின்னால் தட்டேந்தி நின்ற மாமாவுக்கு அது மனப்பாடம்.

ஆயுத பூஜைக்குக் கத்தி, கரண்டி, அடுப்பு எல்லாவற்றுக்கும் மாமா சந்தனம் வைப்பார். அந்த வருஷப் பூஜையன்று துரை கொழும்பு போயிருந்தார். அம்மாவையும் என்னையும் மாமா பின்வாசல் வழியாகக் கூட்டிப்போனார். ஜன்னல் வழியே பனி வந்து மேசைமேல் படுத்திருந்தது. படத்திலிருந்தவர் அதற்குள் வருவது போலவும் போவது போலவும் இருந்தது.

"யாருண்ணே இந்தம்மா?"

"அம்மாவா? ஆம்பள புள்ள! பெரிய மந்திரி. ராஜா தலைய சனங்களே வெட்டிட்டாங்க. சின்ன ராஜாவோட இவரும் கடல் தாண்டிப் போனாரு. அங்க சோத்துக்கு வழியில்ல, குளிர் காய வெறகில்ல. எத்தனையோ வருஷம். அப்புறம் அதே சனங்க, வாங்க ராஜான்னு கூப்புட்டாங்க. ராஜாவோட இவரும் வந்தாரு. ராஜாவுக்குப் பக்கத்து நாற்காலி இவருக்கு. போனவரு திரும்பலியா தங்கச்சி?"

"அப்ப நீங்களும் வருவீங்கல்ல?"

"வராம?"

அம்மா சந்தனக் கிண்ணத்தை வாங்கினாள். நெற்றி எட்டாததால் பிரபுவின் சப்பாத்துக் காலில் பொட்டு வைத்தாள். "கடல் தாண்டி வந்த சாமி, எங்கண்ணனயும் கொண்டாந்து விட்டுடு" என்று கும்பிட்டாள்.

எனக்குக் கதை போதவில்லை. "அப்புறம் மாமா?"

"அப்புறமென்ன மருமகனே, நல்லா இருந்தாரு."

சொல்லிவிட்டு, ஏற்கெனவே துடைத்த கண்ணாடியை மாமா மறுபடியும் துடைத்தார். பொட்டை மட்டும் விட்டுவிட்டார்.

அன்றைக்கு அம்மா சாப்பிட்டாள். மாமா குடும்பம் ரயிலேறிய நாளில் ஹாலிஎல ஸ்டேஷனில் சனமெல்லாம் கட்டிப்பிடித்து அழுதபோது, அவள் மட்டும் சிரித்துக் கையாட்டினாள். மாமா திரும்பி வரவேயில்லை. ஆயுத பூஜை வந்தால் அம்மா ஒரு நாற்காலியைத் துடைத்து எங்கள் லயத்து வீட்டு வாசலில் போட்டு வைப்பாள். சாகிறவரைக்கும் வைத்தாள்.

போன மாசம், நான் சொன்ன அடையாளத்தை வைத்துப் பேத்தி போனில் அந்தச் சுருள்முடிப் பிரபுவைத் தேடிப் பிடித்து வாசித்தாள். ராஜாவுக்கே பிறகு அவர்மேல் வெறுப்பாம். சண்டையில் தோற்ற பழியெல்லாம் அவர் தலையில். கிழவர் மறுபடியும் கடல் தாண்டி ஓடி, ஊருக்குத் திரும்பக் கேட்டுக் கேட்டு, அங்கேயே செத்தாராம்.

துரை சொன்ன கதையிலும் இது இருந்திருக்கும். மாமா ஏன் அந்தக் கண்ணாடியையே துடைத்துக்கொண்டு நின்றார் என்று அந்த வயதில் எனக்கு விளங்கவில்லை.

மாமா பிள்ளைகள் கோத்தகிரிப் பக்கம் இருக்கிறார்களாம். அந்தப் பக்கம் போனால் பிரபு கதையை அவர்களுக்கும் சொல்லுங்கள். திரும்பி வந்ததோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.