பூ பூத்ததும் வரேன்

தீபாவளி முடிந்து, வெடித்த பட்டாசுக் காகிதம் தெருவெல்லாம் ஊறிக் கிடந்த ஒரு மழை நாளில், சித்தி ஒரே ஒரு பையோடு எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். அம்மாவின் தங்கை. கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகியிருக்கவில்லை. நாலு நாள் இருந்துவிட்டுப் போவாள் என்றார்கள். நாலு நாள் என்றால் நாலே நாள்தான் என்று நம்புகிற வயது எனக்கு. அவள் கார்த்திகையிலும் போகாமல் இருந்தது எனக்குக் கிடைத்த லாபமாகவே பட்டது.

சென்னையை அடுத்த அண்ணனூரில் எங்கள் மொட்டை மாடியிலிருந்து பார்த்தால், காலி மின்சார ரயில்கள் ஷெட்டுக்குள் ஊர்ந்து போவது தெரியும். உள்ளே விளக்கெல்லாம் எரியும், ஒருவரும் இருக்கமாட்டார்கள். சித்தி அதையே பார்த்துக்கொண்டு நிற்பாள். அவளுடைய செல்போன் அடித்தால், அதை அரிசி டிரம்முக்குள் போட்டு மூடிவிடுவாள். அரிசிக்குள்ளிருந்து பாட்டு கேட்கும். புது விளையாட்டு என்று நினைத்து நானும் டிரம்மின் மேல் ஏறி உட்கார்ந்துகொள்வேன்.

ஒருநாள் ஆவடி மார்க்கெட்டுக்குப் போனவள் ஒரு விதைப் பாக்கெட்டோடு வந்தாள். மேலே நீலப் பூவின் படம். 'கார்ன்ஃப்ளவர்' என்று எழுத்துக் கூட்டிப் படித்தேன்.

"காலிஃப்ளவர் வறுக்க போடுவாங்களே, அந்த மாவா?" என்றாள் அம்மா.

"ஐய, இது பூச்செடி அக்கா!" சித்தி சிரித்தாள். வந்ததிலிருந்து அவள் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

எங்கள் இருவருக்கும் செடி வளர்த்துப் பழக்கமில்லை. ஆசை மிகுதியில் இரண்டு வேளையும் தண்ணீர் ஊற்றினோம். மழையும் தன் பங்குக்கு ஊற்றியது. விதைகள் அழுகிப்போயின. அடுத்த முறை, அப்பா கொடுத்த பழைய பெயின்ட் வாளியின் அடியில் ஓட்டைகள் போட்டு, மண்ணோடு மணலைக் கலந்து நிரப்பினோம். ஒவ்வொரு விதையும் அப்பாவின் ஷேவிங் பிரஷ்ஷைச் சுண்டுவிரல் நகத்தளவுக்குச் சுருக்கியது போல, தலையில் முடியோடு இருந்தது. விரலால் குழி செய்து, விதையை வைத்து, மண்ணால் மூடினோம்.

"இருட்டா இருந்தாதான் மொளைக்குமாம்," என்றாள் சித்தி, யாராவது கேட்டுவிடப் போகிறார்கள் என்பது போலக் குரலைத் தாழ்த்தி.

முளைத்தது. மார்கழிப் பனியில், சாம்பல் பூத்த பச்சையில், புல்லைப் போல ஒல்லியாக இலைகள் நீண்டன. காலையில் போர்வையைப் போர்த்திக்கொண்டே மாடிக்குப் போவோம். பனிக்குள் ரயில் மறைந்திருக்கும், சத்தம் மட்டும் கேட்கும். உலகத்தில் அந்த வாளியும் நாங்கள் இருவரும்தான் இருப்பது போலிருக்கும்.

பொங்கலுக்குச் சித்தப்பா பைக்கில் வந்தார். எனக்குச் சாக்லேட் கொடுத்தார். சித்தி சமையலறையை விட்டு வெளியே வரவில்லை.

"எப்பதான் வர்றதா உத்தேசம்?" என்று ஹாலிலிருந்தே கேட்டார்.

"பூ பூத்ததும் வரேன்," என்று உள்ளேயிருந்து பதில் வந்தது.

சித்தப்பா பெரிதாகச் சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை.

அவர் போனதும் அம்மா, "எத்தினி நாளிக்குடி இங்கியே இருப்பே? தெருவுல கேக்குறாங்க," என்றாள். சித்தி தட்டுகளைக் கழுவிக்கொண்டே இருந்தாள்.

அதன்பிறகு ஒரு காலையில் நான் மாடிக்குப் போனபோது, சித்தி குனிந்து மொட்டுகளை நகத்தால் கிள்ளிக்கொண்டிருந்தாள்.

"இன்னா சித்தி, மொட்ட போயி கிள்றே?"

"கிள்ளுனா நெறைய கெளைக்கும்டி."

அது பொய்யில்லை. செடி புதராகக் கிளைத்தது. மொட்டுகள் வந்தன, காணாமல் போயின. இந்தத் தோட்டக்கலை நுணுக்கத்தைப் பள்ளிக்கூடத்தில் எல்லோருக்கும் சொல்லிப் பெருமைப்பட்டேன்.

மாசி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சித்தப்பா தன் அம்மாவையும் இரண்டு பெரியவர்களையும் கூட்டிக்கொண்டு வந்தார். எல்லோரும் ஹாலில் உட்கார்ந்து தாழ்ந்த குரலில் பேசினார்கள். எனக்கு அலுப்புத் தட்டி மாடிக்குப் போனேன். வாளிக்குப் பின்னால், சுவரை ஒட்டிய ஒரு கிளையில், கேஸ் அடுப்பின் தீயைப் போன்ற நீலத்தில், ஒரே ஒரு பூ.

படிகளில் எப்படி இறங்கினேன் என்று தெரியாது. "சித்தி! பூத்துட்ச்சு!"

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். சித்தி சுவரோடு ஒட்டி நின்றாள். அம்மா என்னை முறைத்தாள்.

"அப்புறம் இன்னா? பைய எடுத்துகினு கெளம்பு," என்றார் சித்தப்பா.

அம்பத்தூர் எஸ்டேட் பட்டறையில் நாள் முழுக்க லேத் மிஷின் சத்தத்தில் நிற்கிற அப்பா வீட்டில் அதிகம் பேசமாட்டார். அவர் காபி டம்ளரைக் கீழே வைத்தார்.

"ஒரு பூதானேம்மா பூத்துகீது," என்றார் சித்தியிடம். "இன்னொரு வாளி கொணாந்து தரேன். அதுலயும் போடு."

"வெயில் வந்துட்ச்சுப்பா. இப்ப போட்டா மொளைக்காது," என்றேன், விஷயம் தெரிந்தவளாக.

"அடுத்த மார்கழிக்கு மொளைக்கட்டும். இன்னா அவசரம்?" அப்பா என்னிடம்தான் சொன்னார், ஆனால் பார்த்தது சித்தப்பாவை.

கொஞ்ச நேரத்தில் வந்தவர்கள் எழுந்து போனார்கள். காபி ஆடை கட்டிக் கிடந்தது. சித்தி அப்படியே தரையில் உட்கார்ந்து, முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். விதை முளைக்காது என்று நான் சொன்னதற்குத்தான் அழுகிறாள் என்று எனக்குத் தோன்றியது. பக்கத்தில் உட்கார்ந்து, மழைக்காலம் சீக்கிரம் வந்துவிடும் என்று அவள் முதுகைத் தடவி ரொம்ப நேரம் தேற்றிக்கொண்டிருந்தேன்.