சட்டிச் சோறும் மக்கத்துக் கமராவும்

கண்டிக்குப் பக்கத்தில் திகனயில் என் வீட்டுக்கு வருகிறவர்கள் செருப்பைக் கழற்றியதும் முதலில் நிற்பது கண்ணாடி அலுமாரிக்கு முன்னால்தான். நிற்கட்டும் என்றுதான் அதை வாசலுக்கு நேரே வைத்தேன். ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு ஸலாம் சொன்னவன், இன்றைக்குச் சொந்தக் கட்டடத்தில் கடை நடத்துகிறவன், எங்கெங்கே கால் வைத்திருக்கிறான் என்று நாலு பேர் பார்க்க வேண்டாமா? துருக்கியில் வாங்கின விளக்கு, மலேசியாவின் இரட்டைக் கோபுரம், சாமான் எடுக்கச் சீனாவுக்குப் போனபோது வாங்கின பீங்கான் யானை. கண்டிக்காரன் சீனாவுக்குப் போய் யானை வாங்கி வந்தானே என்று என் மனைவி இன்னும் சிரிக்கிறாள். சிரிக்கட்டும். யானை யானைதான்.

அந்த அலுமாரியில் ஒரு சாமான் மட்டும் இல்லை. மக்காவுக்குப் போகும்போதெல்லாம் கடை கடையாகத் தேடுவேன். லைட் எரிகிறது, பாட்டுப் படிக்கிறது என்று என்னென்னவோ காட்டுவார்கள். நான் கேட்பது அதில்லை. நான் கேட்பது என் சாச்சியின் மகளிடம் இருந்த நீலக் கமரா.

அப்போது நாங்கள் அலவத்துகொடயில் இருந்தோம். வாப்பா ரோட்டோரத்தில் வாழைக்குலை விற்றார். சாச்சப்பா மௌத்தாகி, நாலு மாதம் பத்து நாள் வீட்டோடு இருக்கும் இத்தா முடிந்த கையோடு, சாச்சி சவூதிக்கு வீட்டு வேலைக்குப் போனார். என்னைவிட ஒரு வயது குறைந்த மகளை உம்மாவிடம் விட்டுப் போனார். உம்மாவுக்கு அவள் நம்பி ஒப்படைத்த அமானிதம். இறைச்சியில் நல்ல துண்டு அவளுக்குத்தான் முதலில் போகும். அதுவே எனக்குப் பிடிக்காது.

அப்படி இருக்கும்போதுதான் பார்சல் வந்தது. சவூதியில் இருந்து லீவில் வந்த பக்கத்து ஊர்ப் பெண் ஒருத்தியிடம் சாச்சி கொடுத்தனுப்பியிருந்தார். உம்மாவுக்குச் சேலை, வாப்பாவுக்குத் தொப்பி. எனக்கு ஒரு சோடி மேஸ், காலுறை. சப்பாத்தே இல்லாத காலுக்கு மேஸ்! அவளுக்கோ மினுங்குகிற சட்டை, வாசனை அழிறப்பர், அதோடு அந்தக் கமரா. பிளாஸ்டிக்தான். ஆனால் ஒரு கண்ணை மூடி, வெளிச்சத்துப் பக்கம் திருப்பிப் பார்த்தால் உள்ளே மக்கா. பட்டனை அமுக்கினால் 'டிக்' என்று படம் மாறும், மதீனா வரும். கொண்டு வந்த பெண் அவளுடைய கன்னத்தைக் கிள்ளிச் சொன்னாள்:

"ஒன்ட உம்மா மக்கத்துக்குப் போய், அங்க நின்டு வாங்கின சாமான் மகள். பத்திரமா வெச்சுக்கோ."

அடுத்த நாளே எங்கள் வீட்டு வாசலில் பிள்ளைகள் வரிசை. ஆளுக்கு ஒரு தடவை காட்டினாள். என் வீட்டில், என் வாசலில், நான் வரிசையில் நின்றேன். என் முறை வந்ததும், "கைய கழுவிட்டு வாங்க நானா" என்றாள். நானா என்றால் அண்ணன்; மரியாதைக்கு ஒன்றும் குறைவில்லை. பின்னால் நின்றவன்கள் சிரித்தார்கள். வயிறு பற்றிக்கொண்டு எரிந்தது.

எல்லாரும் போன பிறகு அவள் தனியாகப் பலாமரத்தடியில் உட்கார்ந்து பார்ப்பாள். டிக், டிக், டிக் என்று பின்னேரம் முழுக்க அதே சத்தம். கொஞ்சப் படங்கள்தான், அதில் அப்படி என்ன பார்க்க இருக்கிறது? எனக்குக் கேட்கட்டும் என்றுதான் அமுக்குகிறாள் என்று நினைத்தேன். யா அல்லாஹ், அது உடைந்து போகட்டும், ஆகக் குறைந்தது அந்தப் பட்டனாவது இறுகிப் போகட்டும் என்று ஐந்து வேளையும் துஆ கேட்டேன். அந்த வயதில் நான் அவ்வளவு ஒழுங்காகத் தொழுதது அந்த நாட்களில்தான்.

என்னிடமும் ஒரு சொத்து இருந்தது. வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து எல்லாரும் சாப்பிட்ட பிறகு, மாட்டிறைச்சிக் கறி காலியான சட்டியில் உம்மா சோறு போட்டுப் பிசைவார். அடியில் ஒட்டிய மசாலா எல்லாம் அந்தச் சோற்றில் ஏறிவிடும். உருட்டி உருட்டி என் வாயில் வைப்பார். கடைசிப் பிள்ளை என்பதால் அது எனக்கு. ஒரு தடவை அவளுக்கும் ஒரு உருண்டை நீட்டினார். நான் போட்ட கூச்சலில் ரோட்டால் போனவர்கள் நின்று பார்த்தார்கள். அதற்குப் பிறகு அவள் குசினி வாசலோடு நின்றுவிடுவாள்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை, தொப்பி தேடிக்கொண்டிருந்த என்னிடம் வந்தாள்.

"நானா, சட்டிச் சோறு எனக்குத் தந்தா கமராவ உங்களுக்குத் தாரன்."

எனக்குக் காது அடைத்தது. ஆனால் முகத்தில் காட்டவில்லை. யாவாரம் எனக்கு யாரும் படித்துத் தந்ததில்லை, ரத்தத்திலேயே இருந்தது.

"எப்பவும் தர ஏலா. நோன்பு வரைக்கும்தான்."

"சரி."

"கமரா எனக்கே எனக்கு."

"சரி. ஆனா நான் அள்ளித் தின்னமாட்டன். பெரியம்மா தீத்தணும்."

பேரம் பேசாமல் ஒருத்தர் சாமானைத் தந்தால் அதில் ஏதோ பழுது இருக்கிறது. இது இன்றைக்கும் என் கொள்கை. வாங்கி, வானத்துப் பக்கம் பிடித்து, எல்லாப் படத்தையும் அமுக்கிப் பார்த்தேன். ஒன்றும் பழுதில்லை.

"பின்ன ஏன் குடுக்கிற?"

"உம்மா இதுக்குள்ள இல்ல நானா. எல்லாப் படமும் நல்லாப் பாத்துட்டன்."

எனக்குச் சிரிப்பு வந்தது. இவ்வளவு மடைச்சியிடமா இத்தனை நாள் பொறாமைப்பட்டேன்!

அன்று பகல் கமராவோடு குசினிக்கு வெளியே குந்தினேன். உள்ளே உம்மாவின் வளையல் சத்தம். "ஆ காட்டு மகள்... இன்னும் கொஞ்சம்." கமராவைக் குசினிப் பக்கம் திருப்பினேன். உள்ளே இருட்டு, படம் விழவில்லை. கமராவை எடுத்துவிட்டு எட்டிப் பார்த்தால், அவள் கண்ணை மூடிக்கொண்டு மெல்லுகிறாள். வாயோரத்தை உம்மா சேலைத் தலைப்பால் துடைக்கிறார். எனக்கு அப்படி ஒரு நாளும் துடைத்ததில்லை என்று தோன்றியது. மக்கா கையில் இருந்தும் வயிறு மறுபடி எரியத் தொடங்கியது.

"எனக்குக் கமரா வேணாம்! சட்டிய தா!" என்று உள்ளே பாய்ந்தேன்.

அவள் தலையை ஆட்டினாள், முடியாது என்று. உம்மாவுக்கு விஷயம் விளங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. விளங்கியதும் கை சட்டியிலேயே நின்றது.

"வாப்பா ஒரு குலைக்கு வெல பேசினா மாத்துவாரா மகன்?" என்றார். "பேசினா பேசினதுதான். வெளிய போங்க."

சட்டியில் துடைக்க ஒன்றும் மிச்சமில்லை. இருந்தும் உம்மா இன்னொரு பிடி சோறு போட்டு வெறும் சட்டியைத் துடைத்தார்.

சும்மா கேட்டால் கிடைக்காது, புதுச் சாமான் வேண்டும் என்று எனக்கு விளங்கியது. அன்று பின்னேரம் பலாமரத்தடியில் குந்தி, ஒவ்வொரு படமாகத் தேடினேன். எறும்பு மாதிரிச் சனம். கண் வலித்தது. கடைசியில், ஒரு தூணுக்குப் பக்கத்தில், தனியாக ஒரு கறுப்புப் புள்ளி. சாச்சியின் உயரம்தான். சாச்சியேதான் என்று அந்த நேரம் சத்தியம் செய்திருப்பேன்.

ஓடினேன். "நீ ஒழுங்காப் பாக்கல்ல! இந்தா, தூணுக்குப் பக்கத்துல. பட்டன அமுக்காம பாரு."

அவள் ஒரு கண்ணை மூடிப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"சட்டி எனக்கு, கமரா ஒனக்கு. சரியா?" என்றேன்.

"ம்" என்றாள், கமராவை இறக்காமலே.

அடுத்த வெள்ளிக்கிழமை என் இடம் எனக்கே கிடைத்தது. என்னைப் போல ஒரு யாவாரி அந்த ஊரிலேயே இல்லை என்று மார்தட்டிக்கொண்டு தின்றேன். அதைவிடப் பெரிய சந்தோஷம் ஒன்றும் காத்திருந்தது. அவள் பழையபடி பலாமரத்தடியில் கமராவைக் கண்ணில் வைத்தபடி இருந்தாள். ஆனால் டிக் சத்தம் கேட்கவில்லை. அடுத்த நாளும் இல்லை. அதற்குப் பிறகு ஒரு நாளும் இல்லை.

பட்டன் இறுகிவிட்டது, என் துஆ கபூலாகிவிட்டது என்று நினைத்து, அல்ஹம்துலில்லாஹ் சொன்னேன்.