கெசியாவுக்கு வந்த மெமோ

மாநில எல்லையை ஒட்டிய மூக்கண்டப்பள்ளியில் நான் ஜெராக்ஸ் கடை வைத்துப் பதினெட்டு வருடமாகிறது. தொழிற்பேட்டையில் வேலை பார்ப்பவர்களில் பாதிப் பேருடைய பயோடேட்டா என் கம்ப்யூட்டரில் கிடக்கிறது. எந்தக் காகிதத்தை மேலே வைக்க வேண்டும், எதை மறைக்க வேண்டும் என்று எனக்குத் தெரிந்த அளவுக்கு இந்த வட்டாரத்தில் யாருக்கும் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த நினைப்பில் மண்ணைப் போட்டவள் கெசியா.

மத்தூர்ப் பக்கத்துப் பெண். வயது முப்பத்தாறு. ஐ.டி.ஐ.யில் டர்னர், அதாவது கடைசல் வேலை, படித்தாள், அந்த வகுப்பில் அவள் ஒருத்திதான் பெண். பிறகு பதினோரு வருடம் ஒரே கம்பெனி. வண்டிகளுக்கு உதிரிபாகம் செய்கிற இடம். அங்கே கம்ப்யூட்டரில் ஓடுகிற சி.என்.சி. மெஷினில் அவள் செட்டர். இரும்புத் துண்டை மெஷினில் பூட்டி, எந்த டூல் எவ்வளவு வெட்ட வேண்டும் என்று அளவு கொடுத்து, முதல் பீஸை வெட்டி அளந்து பார்த்து, சரி என்று சொல்கிறவர்தான் செட்டர். அதற்குப் பிறகு பட்டனை அமுக்க யார் வேண்டுமானாலும் நிற்கலாம். தலைமுடியின் பருமனில் பாதி தவறினாலும் பீஸ் குப்பைக்குப் போய்விடும்.

காகிதத்தில் மட்டும் அவள் செட்டர் இல்லை. காண்ட்ராக்ட்காரர் அனுப்பிய ஆள், பதவி ஹெல்பர். பதினோரு வருடமும் ஹெல்பர். அந்தக் கம்பெனியில் அவளைப் போல நாற்பது பேராவது இருந்தார்கள். மெஷின் ஓட்டுகிறவர்கள் என்று எழுதினால் நாளைக்கு வேலை நிரந்தரம் கேட்பார்கள், அதனால் எழுதுவதில்லை. இதைப் பார்த்துப் பார்த்து எனக்குக் கோபம்கூட வராமல் போய்விட்டது. கெசியாவுக்கு வந்தது.

ஆஸ்திரேலியாவில் அவளைப் போன்ற மெஷினிஸ்டுகளுக்குத் தட்டுப்பாடு என்று அவள் தானாகவே தேடிப் படித்துத் தெரிந்துகொண்டாள். ஏஜென்ட் யாரிடமும் போகவில்லை. ஆங்கிலப் பரீட்சையை மூன்றாவது தடவையில் பாஸ் செய்தாள். அடுத்த படி திறன் மதிப்பீடு. இத்தனை வருடம் இந்த வேலையைத்தான் செய்தேன் என்று அங்கே இருக்கிற ஒரு அமைப்பிடம் ஆதாரம் காட்ட வேண்டும். அதற்குக் கம்பெனிக் கடிதம் வேண்டும். கம்பெனியில் கேட்டால், "உங்க பேரே எங்க லிஸ்ட்ல இல்லையே" என்றார்கள். காண்ட்ராக்ட்காரர் தாராளமாக ஒரு கடிதம் கொடுத்தார். ஹெல்பர், நன்னடத்தை உள்ளவர் என்று.

அந்தக் கடிதத்தையும் மற்ற காகிதங்களையும் ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டுக்கொண்டு என் கடைக்கு வந்தாள். ஒவ்வொன்றாக ஸ்கேன் செய்துகொண்டே வந்தவன் ஒரு தாளைப் பார்த்து நின்றுவிட்டேன். கம்பெனி லெட்டர்ஹெட்டில் ஒரு மெமோ. முந்நூற்றுப் பன்னிரண்டு பீஸில் துளை பெரிதாகப் போய்விட்டது, வாடிக்கையாளர் திருப்பி அனுப்பிவிட்டார், உங்கள் மேல் ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது என்று கேட்டிருந்தார்கள்.

"இதை எதுக்கும்மா கொண்டுவந்த? இது கரும்புள்ளி. கிழிச்சுப் போடு" என்றேன்.

"நல்லாப் படிங்கண்ணா. யாருக்கு எழுதியிருக்காங்க?"

படித்தேன். 'கெசியா, சி.என்.சி. செட்டர், மெஷின் எண் ஏழு. பதினோரு வருட அனுபவம் உள்ள தங்களிடமிருந்து இத்தகைய பிழை எதிர்பார்க்கப்படவில்லை.' கீழே மேலாளர் கையெழுத்து, சீல், தேதி.

"பதினோரு வருசத்துல என்னைய செட்டர்னு அவங்க எழுதுன ஒரே பேப்பர் இதுதான். திட்டும்போதுதான் உண்மை வந்திருக்கு. இதை நான் கிழிக்கணுமா?"

தாளை ஸ்கேனரில் வைத்தேன். சாதாரணமாகக் காண்ட்ராக்ட் ஆளுக்கு யாரும் மெமோ கொடுப்பதில்லை, நாளைக்கு வராதே என்பதோடு முடிந்துவிடும். அந்த முறை பெங்களூரிலிருந்து புதிதாக வந்திருந்த மேலாளர் பாலாஜிக்கு அவசரம். யார் தப்பு, என்ன நடவடிக்கை எடுத்தீர்கள் என்று வாடிக்கையாளர் எழுத்தில் கேட்டிருந்தார். ஒரு பெயர் வேண்டும், பெயருக்குப் பக்கத்தில் ஒரு பதவியும் வேண்டும். முந்நூறு பீஸைக் கெடுத்தது ஒரு ஹெல்பர் என்று எழுதினால், ஹெல்பரை ஏன் மெஷினில் நிறுத்தினாய் என்று அடுத்த கேள்வி வரும். பாவம், உண்மையை எழுதிவிட்டார்.

மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுத்தால் விட்டுவிடுகிறோம் என்று அப்போது சொல்லியிருக்கிறார்கள். அவள் புருஷன் வெஸ்லின், கம்பெனி பஸ் ஓட்டுகிறவன், அவனும் எழுதிக் கொடுத்துவிடு என்றுதான் கெஞ்சியிருக்கிறான். இவள் இரண்டு பக்கத்துக்குப் பதில் எழுதினாள். துளையை அளக்கிற கேஜை நான்கு மாதமாக யாரும் சரிபார்க்கவில்லை, கேஜே தப்பாகக் காட்டியது, தப்பு என்னுடையது இல்லை என்று படம் போட்டு விளக்கியிருந்தாள். 'பெற்றுக்கொண்டோம்' என்று சீல் அடித்து நகல் வாங்கிக்கொண்டுதான் வந்தாள். அடுத்த திங்கட்கிழமை காண்ட்ராக்ட்காரர் போன் செய்து இனிமேல் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

அந்தப் பதிலை நான்தான் இரண்டு நாள் உட்கார்ந்து ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தேன். மெமோவை எல்லாவற்றுக்கும் மேலே வைத்து அனுப்பினோம்.

மூன்று வாரத்தில் கம்பெனியிலிருந்து அழைப்பு வந்தது. மதிப்பீடு செய்கிறவர்கள், இந்த மெமோ உங்களுடையதுதானா என்று கேட்டுக் கம்பெனிக்கே மெயில் போட்டிருந்தார்கள். கெசியா வெஸ்லினையும் கூட்டிக்கொண்டு போனாள். உள்ளே நடந்ததை அவளைவிட வெஸ்லின்தான் எனக்கு விரிவாகச் சொன்னான்.

பாலாஜி முதலில் கன்னடத்தில் ஆரம்பித்திருக்கிறார். "ஏனம்மா இது?" என்னம்மா இது என்று அர்த்தம். கெசியாவுக்குக் கன்னடம் நன்றாக வரும், ஆனால் கோபம் வந்தால் தமிழ்தான். "மெமோ சார். நீங்க குடுத்தது" என்றாள்.

அவரும் தமிழுக்கு மாறிக் குரலை இறக்கிக்கொண்டார். ஒரிஜினலைக் கொடுத்துவிடு, இதைப் பார்த்தால் மற்ற நாற்பது பேரும் நிரந்தரம் கேட்பார்கள். எட்டு வருஷம் ஹெல்பராக இருந்தேன் என்று எழுதிக் கையெழுத்துப் போடு. கடைசி மூன்று வருஷம் செட்டர் என்று நாங்களே நல்ல கடிதம் தருகிறோம். உன் விசாவுக்கு மூன்று வருஷம் போதும். வெஸ்லின் மனதுக்குள் ஸ்தோத்திரம் சொல்லிவிட்டானாம்.

"எட்டு வருசம் நான் என்ன சார் பண்ணிக்கிட்டிருந்தன்? மெஷினுக்கு விசிறி வீசிக்கிட்டிருந்தனா?"

"பாரும்மா, இது எங்க மெமோ இல்லைன்னு ஒரு வரி மெயில் போட்டாப் போதும். போலிப் பேப்பர்னு உன் ஃபைலை மூடிடுவாங்க. அப்புறம் எந்த நாட்டுக்கும் போக முடியாது."

அவள் நாற்காலியை இன்னும் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாளாம்.

"போடுங்க சார். உங்க கஸ்டமருக்கு அனுப்புன ரிப்போர்ட்ல இதே மெமோ நம்பரத்தான் எழுதியிருக்கீங்க. அந்த ரிப்போர்ட் நான் போனப்புறம் என் மெஷின் பக்கத்து போர்டுல மூணு மாசம் தொங்குச்சாமே, ஷிஃப்டே படிச்சிச்சி. இது போலின்னா அதுவும் போலி. மொதல்ல அவங்களுக்கு மெயில் போடுங்க, அப்புறம் ஆஸ்திரேலியாவுக்குப் போடுங்க. கையெழுத்தெல்லாம் நான் போடமாட்டன்."

டீ வந்தது, யாரும் குடிக்கவில்லை. இரண்டு நாள் கழித்து, மெமோ எங்களுடையதுதான் என்று கம்பெனியிலிருந்து ஒரு வரி போயிற்று. வெஸ்லின் என் கடையில் நின்று அந்தக் கதையைச் சொன்னபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. இதில் மறைக்க என்ன இருக்கிறது?

அடுத்தது வீடியோ நேர்காணல். அவள் வீட்டில் நெட் சரியில்லை என்று என் கடையின் உள் அறையில்தான் உட்கார வைத்தேன். நரைத்த தாடியோடு ஒரு வெள்ளைக்காரர். மெமோவின் நகலைக் கையில் பிடித்துக்கொண்டு, இந்தத் தவறு உங்களுடையதா என்று நேராகக் கேட்டார். "நோ சார்" என்றாள். பிறகு கேஜைப் பற்றி அவளுடைய ஆங்கிலத்தில் பத்து நிமிடம் சொன்னாள். புதுக் கம்பெனியில் சேர்ந்தால் முதல் நாள் என்ன செய்வீர்கள் என்று கேட்டார். உங்கள் கேஜையெல்லாம் முதலில் சரிபார்ப்பேன் என்றாள். அவர் சிரித்ததை நானே பார்த்தேன். சென்னையில் ஒரு செய்முறைத் தேர்வும் முடிந்தது.

முடிவு என் கடைக் கம்ப்யூட்டரில்தான் திறந்தது. அங்கீகரிக்கப்பட்ட மெஷினிஸ்ட். நான் கத்தியே விட்டேன். பக்கத்து பேக்கரிக்காரர் என்னவோ ஏதோ என்று ஓடிவந்தார். கெசியா மட்டும் திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல் கீழே கீழே படித்துக்கொண்டிருந்தாள்.

"ஒன்பது வருசம்தான் போட்டிருக்காங்க."

முதல் இரண்டு வருடத்தைக் கற்றுக்கொண்ட காலம் என்று கழித்திருந்தார்கள். "விசாவுக்கு அதுவே தாராளம். கிடைச்சதைக் கெடுத்துக்காத, விட்டுடும்மா" என்றேன்.

"என்னத்தக் கத்துக்கிட்டன்? படிச்சுட்டுத்தான வந்தன். மொத நாளே தனியா மெஷின்ல நிறுத்திட்டாங்க. கத்துக்கக்கூட எனக்கு யாரும் நேரம் குடுக்கலண்ணா. டைப் பண்ணுங்க."

டைப் அடித்தேன். என் வழக்கப்படி, மிகவும் பணிவுடன் வேண்டிக்கொள்கிறேன் என்று பொருள் வரும் ஆங்கில வரியில் ஆரம்பித்தேன். அவள் திரையில் அந்த வரியின் மேல் விரலை வைத்தாள்.

"இதை எடுங்க."

"மரியாதைக்கு எழுதுறதும்மா."

"ரெண்டு வருசம் விட்டுப்போச்சு, சேத்துடுங்கன்னு எழுதுங்க. அவ்ளோதான்."

பதினெட்டு வருடத்தில் முதல் தடவையாக அந்த வரி இல்லாமல் ஒரு விண்ணப்பம் என் கடையிலிருந்து போனது.